நகர்ந்த பாறை

கண்மாயில் ஜிலேபி மீன் பிடிக்கிற தூண்டில் கம்பை என் கணவர் எடுத்துவந்து துணிப்பைக்குப் பக்கத்தில் சாத்தியபோதே எனக்கு எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. நாங்கள் மீன் பிடிக்கப் போகவில்லை. எனக்கு அரசுப் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. தொண்டிக்குப் பக்கத்தில் கடலோரமாக ஒரு சின்ன ஊர். புதன்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் வேலை போய்விடும். அந்த ஊரையும் பள்ளிக்கூடத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து முடிவு செய்யலாம் என்றுதான் சனிக்கிழமை காலை கிளம்பினோம்.

அந்த வேலைக்கான ஆணைக்காக நான் எத்தனை வருடம் படித்தேன் என்று சொன்னால் எனக்கே வெட்கமாக இருக்கும். வயிற்றில் பிள்ளையோடு பரீட்சை எழுதினேன். பட்டியலில் பெயர் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. கடைசியில் தாள் கைக்கு வந்தபோது என் மகள் மித்ராவுக்கு இரண்டரை வயது. வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு அம்புட்டுத் தூரமா?" என்று மட்டும் அத்தை, இவருடைய அம்மா, கேட்டார். அவர் கேட்ட கேள்வியையே நானும் இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால் அவர் மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

"கடலுக்குப் போறோம்ல. சும்மா எறிஞ்சு பாப்போம்" என்றார் இவர். தூண்டிலுக்கு இரையாக மைதா மாவை உருட்டி டப்பாவில் அடைத்து வைத்திருந்தார். ஒத்தக்கடையைச் சுற்றியுள்ள கண்மாய்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் அவர் கூட்டாளிகளும் அந்த மாவைப் போட்டுத்தான் உள்ளங்கை அளவு ஜிலேபிகளைப் பிடிப்பார்கள். என் ஆணைத்தாள் இருந்த பையிலேயே அந்த மாவு டப்பாவையும் வைத்தார். எடுத்து வெளியே வைத்தேன். மறுபடி உள்ளே வைத்தார்.

பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு அம்மா, மித்ராவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, சூடா இருக்கே என்றார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து நானும் தொட்டுப் பார்த்தேன். பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. "நம்ப முடியாது, இந்த மிசினெல்லாம்" என்றார் அந்த அம்மா. எந்த ஊருக்கு, எதற்கு என்று விசாரித்தார். சொன்னதும், அங்கே தண்ணீரெல்லாம் உப்பு, பிள்ளைக்குச் சேராது, நீங்க ஏன் மதுரையிலேயே கேட்டு வாங்கக் கூடாது என்றார். கேட்டால் கொடுத்துவிடுவார்கள்போல. இவர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்ததை நான் கவனித்தேன்.

எங்கள் பக்கத்தில் பேருந்து எவ்வளவு தூரம் போனாலும் ஏதாவது ஒரு மலை கூடவே வரும். யானைமலை மறைந்தால் அழகர்மலை. இந்தப் பாதையில் சிறிது நேரத்துக்குப் பிறகு கண்ணில் எதுவுமே தட்டவில்லை. கருவேல மரம், காய்ந்த கண்மாய், மறுபடி கருவேல மரம். பேருந்தை விட்டு இறங்கி ஏறிய ஷேர் ஆட்டோ ஊருக்கு முன்னால் மணலில் புதைந்தது. டிரைவர் எங்களையும் இறக்கித் தள்ளச் சொன்னார். மித்ராவை ஒரு கையில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் ஆட்டோவைத் தள்ளினேன். "தெனமும் இப்பிடித்தான் வேலைக்குப் போகணும் பாத்துக்க" என்றார் இவர். அவர் கையில் தூண்டில் கம்பு இருந்ததால் அவரால் தள்ள முடியவில்லை.

பள்ளிக்கூடத்துக்குச் சனிக்கிழமை விடுமுறை. சாவி சத்துணவு சமைக்கும் லூர்து அக்காவிடம் இருந்தது. நாற்பது வயது இருக்கும். கரகரத்த குரல். யாரையும் உட்கார வைத்துப் பேசமாட்டார், நடந்துகொண்டேதான் பேசுவார். இரண்டு கட்டடம், ஒரு வேப்பமரம், பக்கத்திலேயே அங்கன்வாடி. வகுப்பறைச் சுவரில் உப்புக் காற்று பட்டுச் சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்திருந்தது. ஆனால் கரும்பலகையைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ ஆனது. அதை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

அக்காவின் வீட்டு மாடியில் ஒரு அறையும் சமையல்கட்டும் காலியாக இருந்தன. இவர் குழாயைத் திறந்து, ஒரு வாய் குடித்துத் துப்பினார். "உப்பு" என்றார். பால்கனிக் கம்பிக்கு இடையில் கையை விட்டு அளந்து, "புள்ள தல உள்ள போயிரும்" என்றார். கழிப்பறைக் கதவைத் தட்டிப் பார்த்து, "துரு" என்றார். வீடு வாங்க வந்தவர்போலக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். அவர் சொன்ன எதுவும் பொய்யில்லை. எல்லாவற்றையும் நானும் பார்த்திருந்தேன். கம்பி இடைவெளியை அவருக்கு முன்னாலேயே அளந்துவிட்டேன். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் பயத்தை எடுத்து என்னிடமே விற்கிறார்.

அன்றிரவு தங்கிய லாட்ஜின் குடிநீரும் உப்புத்தான். நல்லவேளை, வீட்டிலிருந்து காய்ச்சிய தண்ணீர் இரண்டு பிளாஸ்க் கொண்டுபோயிருந்தேன். பக்கத்து ஓட்டலில் இவர் வழக்கம்போலப் புரோட்டா கேட்டார். வந்ததைப் பிய்த்துப் பார்த்து, சிம்மக்கல்லில் தான் வேலை பார்க்கும் பம்புசெட் கடைக்கு எதிரே கிடைக்கும் புரோட்டாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் சோறும் நண்டுக் குழம்பும் வாங்கினேன். எங்கள் வீட்டில் கடல் சாமான் எதுவும் நுழையாது. மதுரைக்கு வந்துசேரும்போது ஐஸில் ரெண்டு நாள் செத்துக் கிடந்த பிணம் என்பார் அத்தை. கண்மாய் மீன் மட்டும்தான். அதனால் நண்டை எப்படி உடைப்பது என்றே தெரியாமல் திணறினேன். பரிமாறிய பெண் பல்லால் கடித்து உடைத்துக் காட்டினார். மித்ரா சாற்றைப் பிசைந்து இரண்டு கவளம் அதிகமாகவே சாப்பிட்டாள். வயிற்றுக்குச் சேருமோ சேராதோ என்று விடியும்வரை அவள் வயிற்றில் கை வைத்தபடியே படுத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கடலுக்குப் போனோம். கடல் என்றால் எனக்கு அலை. அங்கே அலையே இல்லை. நிறைந்த கண்மாய்போலக் கிடந்தது தண்ணீர். லூர்து அக்காவின் வலைக்கொட்டகை கரையில்தான் இருந்தது. இவர் மாவு டப்பாவைத் திறந்ததும் அக்கா எட்டிப் பார்த்து, "என்னண்ணே இது, புரோட்டா மாவா? எங்க கடல் மீனு புரோட்டா திங்காது. சால்னாவும் சேத்துக் கொண்டாந்திருக்கீகளா?" என்று கேட்டார். வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். கூடையிலிருந்து நாலு இறாலை எடுத்து அக்கா இவர் கையில் வைத்தார்.

தான் தூண்டில் எறிவதை வீடியோ எடுக்க நானும் தண்ணீருக்குள் வர வேண்டும் என்றார் இவர். மித்ராவை யாரிடம் விடுவது? "ஏங்கிட்ட விடுங்க டீச்சரம்மா. நாலு பெத்தவ நானு" என்று அக்கா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். நேற்றுத்தான் பழகிய ஒருத்தி. மித்ரா அழவில்லை. அழுதிருந்தால் நான் போயிருக்கமாட்டேன். போகும்போது அக்கா பின்னாலிருந்து சொன்னார். காலைத் தூக்கித் தூக்கி வைக்கக்கூடாதாம், தேய்த்துத் தேய்த்து நடக்கணுமாம். மணலுக்குள் திருக்கை படுத்திருக்கும், மிதித்தால் வாலால் குத்தும். எனக்கு இது போதாதா? ஒவ்வோர் அடியையும் தரையோடு தேய்த்தபடி போனேன். ஒரு தெரு நீளம் நடந்தும் தண்ணீர் தொடைக்கு மேலே ஏறவில்லை. காலுக்கடியில் சேறு, மணல், வழுவழுவென்று கடல்புல். ஒரு கூழாங்கல்கூடத் தட்டவில்லை. இதை இவ்வளவு நுணுக்கமாக ஞாபகம் வைத்திருக்கக் காரணம் இருக்கிறது.

இவர் எறிந்தார், சுற்றினார், எறிந்தார். நான் அவர் போனில் வீடியோ எடுத்தேன். மீனாவது, ஒன்றாவது. அப்போது போன் அடித்தது. அத்தை. "இந்தா, இதச் சும்மா புடிச்சுக்கிட்டு நில்லு. எதையும் தொடாத" என்று கம்பை என் கையில் கொடுத்துவிட்டு, போனை வாங்கிக்கொண்டு பத்தடி தள்ளிப் போனார்.

அலை இல்லாத கடலில் பத்தடி தூரம் என்பது ஒரே அறைக்குள் இருப்பதுபோல. ஒரு சொல்கூடத் தவறவில்லை.

"பாத்தாச்சும்மா, எல்லாம் பாத்தாச்சு. தண்ணி உப்பு, வீடு ஒண்ணும் சரியில்ல. நீங்க ஏன் கவலப்படுறீங்க? நம்ம வேணாம்னு சொன்னாத்தேன் பொல்லாப்பு. கூட்டிட்டு வந்து காமிச்சா அவளே வேணாம்னுருவா. அதுக்குத்தான வந்ததே." கொஞ்சம் கேட்டுவிட்டு, "அவ ஸ்கூல்லயும் சொல்லிட்டேம்மா, அடுத்த வருசமும் இருப்பான்னு. போன வாரமே சொல்லிட்டேன்" என்றார்.

நான் இப்போது வேலை பார்க்கும் தனியார் பள்ளியில் போன வாரமே சொல்லியாகிவிட்டது. அந்த வாரம் முழுக்க நான் தூங்காமல், போகலாமா, வேண்டாமா, பிள்ளை, மாமியார், புருஷன் என்று ஒவ்வொருவராக நினைத்து நினைத்துக் குழம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் படுத்திருந்தவர் அதையெல்லாம் முடித்துவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஆட்டோ புதைந்தபோது சொன்னது, குழாய்த் தண்ணீரைத் துப்பியது, கம்பியை அளந்தது எல்லாம் எனக்காகப் போட்ட நாடகம். காது இரண்டும் சூடாகிவிட்டன. திரும்பி அவரைப் பார்க்கக்கூடப் பிடிக்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் கம்பு வளைந்தது.

மெதுவாக இல்லை, யாரோ தண்ணீருக்குள்ளிருந்து வெடுக்கென்று பிடுங்கியதுபோல. ரீல் தையல் மிஷின் மாதிரி ஓட ஆரம்பித்தது. கரையிலிருந்து லூர்து அக்கா வாயில் கையைக் குவித்துக் கத்தினார்: "பாறை! டீச்சரம்மா, பாறை!"

இவர் போனைப் பொத்திக்கொண்டு திரும்பினார். "பாறையில மாட்டிருச்சாம். இழுத்தேன்னா கம்பு ஒடிஞ்சுரும். நரம்ப அறுத்து விட்ரு" என்றார். நரம்பு என்பது தூண்டில் நூல். சொல்லிவிட்டு மறுபடி போனைக் காதில் வைத்தார்.

இப்போது நான் எழுதப்போவதுதான் இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் அவமானமான இடம். நான் அறுக்கப் போனேன். என்னைப் பற்றி அப்படிப் பேசியதைக் கேட்ட பிறகும், அறுத்துவிடு என்றதும் என் கை தானாகத் தோள்பைக்குள் போய், மித்ராவுக்கு நகம் வெட்டும் நகவெட்டியை எடுத்தது. நரம்பை அதன் வாய்க்குள் கொடுத்தும்விட்டேன். சொன்னதைச் செய்து பழகிய கை.

அழுத்துவதற்கு முன்னால் நரம்பு நகவெட்டியின் வாயிலிருந்து உருவிக்கொண்டது. வலது பக்கம் இருந்தது இடது பக்கம் போனது. நேராக, வேகமாக, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு.

நான் யானைமலை அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவள். கண் விழித்தால் முன்னால் நிற்பது பாறைதான். அத்தனை வருடத்தில் அது ஓரடி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்ந்து நான் பார்த்ததில்லை. இந்தக் கடலிலோ கரையிலிருந்து இதுவரை என் காலில் ஒரு கல்கூடத் தட்டவில்லை. பிறகு எங்கிருந்து பாறை வரும்? வந்தாலும் அது ஏன் ஓடுகிறது?

நகவெட்டியைத் தண்ணீரில் விட்டேன்.

ஓடுவதை நிறுத்த வேண்டும் என்று நினைத்து ஆள்காட்டி விரலை நரம்பில் அழுத்தினேன். கத்தி இழுத்ததுபோல இருந்தது. "கைய எடுங்க, வெரலு போயிரும்! அது ஓடட்டும், நீங்களும் கூடவே போங்க!" என்று அக்கா கத்தினார். கூடவே போனேன். திருக்கை, தேய்த்து நடப்பது எதுவும் நினைவில்லை. அது இழுத்த பக்கமெல்லாம் நடந்தேன். அது களைத்து நின்றபோது ரீலைச் சுற்றினேன். மறுபடி ஓடியது, மறுபடி விட்டேன். உள்ளங்கை ஜிலேபிக்கென்று வாங்கிய கம்பு, காய்ந்த தென்னங்கீற்றின் ஈர்க்குபோல வளைந்து என் நெஞ்சுக்கு நேராக நுனியைக் காட்டியது.

இவர் ஓடிவந்தார். "குடு ஏங்கிட்ட. ஒனக்குத் தெரியாது, குடு."

"கிட்ட வராதீங்க" என்றேன்.

கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அவரிடம் அந்தக் குரலில் நான் பேசியதில்லை. அவர் நின்றுவிட்டார். அவர் கையிலிருந்த போனிலிருந்து, "என்னடா சத்தம்? யாரு, யார வர வேணாங்குறா?" என்று அத்தையின் குரல் சின்னதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

முக்கால் மணி நேரம் இருக்கும் என்று பிற்பாடு சொன்னார்கள். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், கோபம் கைக்கு இவ்வளவு பலம் கொடுக்கும் என்பதுதான். பின்னோக்கிக் கரைப் பக்கமாக நடந்து, முழங்கால் தண்ணீருக்கு அதைக் கொண்டுவந்தபோது, பக்கவாட்டில் சாய்ந்து மஞ்சளாக ஒரு பளிச்சு. மீன். மித்ராவைப் படுக்க வைத்தால் அவள் தோள் வரைக்கும் வரும். லூர்து அக்கா தண்ணீருக்குள் இறங்கி, செவுளுக்குள் கையை விட்டு ஒரே தூக்காகத் தூக்கினார். அவருடைய இன்னொரு பக்க இடுப்பில் என் பெண் உட்கார்ந்து, அந்த மீனின் வாலைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் உறைத்தது. அத்தனை நேரமும் நான் என் குழந்தையை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளை வாங்கிக் கட்டிக்கொண்டு, நெற்றியைத் தொட்டு, கால் நனைந்திருக்கிறதா என்று பார்த்து, நானெல்லாம் ஒரு தாயா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அந்தக் கேள்வி வந்ததும் மறுபடி கோபம் வந்தது. இவரும் அதே முக்கால் மணி நேரம் அங்கேதானே நின்றார்? இவருக்கு ஏன் அந்தக் கேள்வி வரவில்லை?

"பாறைன்னு அம்புட்டுக் கத்துறேன், அண்ணன் அறுக்கச் சொல்றாக. ஒங்க ஊர்ல பாறை கெடையாதா?" என்று அக்கா கேட்டார்.

"எங்க ஊர்ல பாறைன்னா மலைக்கா" என்றேன்.

அக்காவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் மீனைக் கீழே வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்து சிரித்தார். பாறை என்பது அந்த மீனின் பெயர். அந்தக் கரையில் மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த பெயர்.

ஏலக் கொட்டகைத் தராசில் நிறுத்தார்கள். ஏழரைக் கிலோ. இவர் முகம் சுருங்கியது. "ஏழரையா? எட்டுன்னு சொல்லிக்குவோம்" என்றார். பிறகு மீனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, போட்டோ எடுக்கச் சொன்னார். எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று கேட்காதீர்கள். விரலில் ரத்தம் வழிந்ததால் போன் வழுக்கியது, அதைத் துடைத்துவிட்டு எடுத்தேன். கரையில் கேட்டவர்களிடமெல்லாம், "எம் பொண்டாட்டி புடிச்சா" என்றுதான் சொன்னார். அதைச் சொல்லியாக வேண்டும்.

மதியம் திரும்பும்போது, கோணிக்குள் மீன் இருப்பதைக் கண்டுபிடித்த நடத்துநர் எங்களை நடுவழியில் இறக்கிவிட்டார். நாற்றமே இல்லை என்று இவர் வாதாடினார். வால் வெளியே தெரிந்தது. வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, மதுரை நெல்பேட்டைக்கு ஐஸ் பெட்டியோடு போகும் வேன் ஒன்று நின்றது. ஓட்டியவர் மதுரைக்காரர், வெள்ளைத் தொப்பி போட்ட பாய். பிள்ளையோடு நிற்பதைப் பார்த்துத்தான் நிறுத்தினாராம். மீனைப் பெட்டியில் வைக்கும்போது, "மாஷா அல்லா, என்னா சைசு. யாரு மாப்ள புடிச்சது?" என்று கேட்டார்.

"நாங்கதேன் பாய்" என்றார் இவர்.

கரையில் 'எம் பொண்டாட்டி'. வேனில் 'நாங்க'. பாய் என்னையும் பார்த்தார், என் விரலில் சுற்றியிருந்த மித்ராவின் கைக்குட்டையையும் பார்த்தார். வழியில் ஒரு கடையில் நிறுத்தி எங்களுக்குச் சர்பத் வாங்கிக் கொடுத்தார். இவர் போனை நோண்டிக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் என் போனிலும் அது தெரிந்தது. ஸ்டேட்டஸில் மீனோடு இவர். கீழே, "இன்றைய வேட்டை. எட்டு கிலோ." அவர் கூட்டாளிகள் கலக்கிட்ட மாப்ள, மரண மாஸ் மாப்ள என்று வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் ஏன் அப்போதே ஒன்றும் சொல்லவில்லை? மடியில் மித்ரா தூங்கிக்கொண்டிருந்தாள். பாய் என்ன நினைப்பார் என்று யோசித்தேன். ஒரு மீனுக்காகச் சண்டையா என்றும் யோசித்தேன். மீனுக்காக இல்லை என்று சொல்ல வார்த்தைகளை அடுக்கினேன். அடுக்கி முடிப்பதற்குள் யானைமலை தெரிந்துவிட்டது.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டோம். எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் கூடிவிட்டது. அத்தை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். ரத்தச் சிவப்பு. ஐஸில் செத்த பிணம் என்று சொல்ல முடியாத முதல் கடல் மீன் அது. தானே வாசலில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தார். இவர் போனில் போட்டோவைக் காட்டி, சுற்றி நின்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: "மொதல்ல பாறையில மாட்டிருச்சுன்னுதேன் நெனச்சேன். அப்பறம் பாத்தா இழுக்குது. நான் விடலையே."

'நான்'. கடைசியில் அதுவும் வந்துவிட்டது.

குழம்பு கொதித்து இறங்கியது. மித்ராவுக்கு முள் எடுத்துப் பிசைய உட்கார்ந்தேன். மிளகாய் விரல் வெட்டில் இறங்கியதும் என்னை அறியாமல் கையை உதறினேன். அத்தை பார்த்துவிட்டார்.

"கையக் காட்டு" என்றார்.

காட்டினேன். ஆள்காட்டி விரலில் இரண்டு கணுவுக்கும் நடுவே ஆழமாக, நேர்க்கோடாக ஒரு வெட்டு. அத்தை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தட்டிலிருந்து தலை தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த மகனைப் பார்த்தார்.

"டேய், ஒன் கையக் காட்டு."

இவர் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. இடது கையை நீட்டினார். அந்தக் கையும் என்று அத்தை சைகை காட்டினார். குழம்பு ஒட்டிய வலது கையையும் நீட்டினார். ஒரு கீறல் இல்லை.

"நரம்பு கிழிச்சது இவ கையில. மீனு மட்டும் ஒன் போன்லயா?" என்றார் அத்தை.

அத்தை மித்ராவை இழுத்துத் தன் பக்கம் உட்கார வைத்து, என் தட்டை வாங்கித் தானே பிசைந்து ஊட்டினார். ஊட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், எந்தக் கிழமை சேரணும் என்று கேட்டார். புதன் என்றேன். பிள்ளையை விட்டுவிட்டா, கூட்டிக்கொண்டா என்று கேட்டார். கூட்டிக்கொண்டுதான் என்றேன். பள்ளிக்கூடத்தை ஒட்டியே அங்கன்வாடி இருப்பதைச் சொன்னேன். பால்கனிக் கம்பிக்கு வலை கட்டிவிடலாம் என்று சொன்னேன். அத்தை சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

இதை வாசிக்கிறவர்களுக்கு இந்த இடத்தில் மனம் குளிரலாம். எனக்குக் குளிரவில்லை. என் பெயர் போட்ட ஆணைத்தாள் மூன்று வாரமாகச் சாமி படத்துக்குக் கீழே இருந்தது. அதை எடுத்துப் படிக்காதவர்கள், விரலில் ரத்தத்தைப் பார்த்ததும்தான் எந்தக் கிழமை என்று கேட்கிறார்கள். நான் ஒன்றைப் பிடித்திருக்கிறேன் என்பதற்குக் கை கிழிந்தால்தான் சாட்சியா? அடுத்த இரண்டு நாளும் துணி மடித்து வைக்கும்போதெல்லாம் இதையே நினைத்தேன். இவர் இரண்டு நாளும் என்னிடம் பேசவில்லை. திங்கட்கிழமை பார்த்தபோது ஸ்டேட்டஸ் தானாகவே மறைந்திருந்தது. தனியார் பள்ளிக்கு நானே போன் செய்து, அடுத்த வருடம் இருக்கமாட்டேன் என்று சொன்னேன். அவர் சொன்னதை அவரே போய் மாற்றுவார் என்று காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை.

செவ்வாய்க்கிழமை இரவு, பெட்டி கட்டி முடித்த பிறகும், போகலாமா என்று ஒரு தடவை நினைத்தேன். அதையும் மறைக்க விரும்பவில்லை.

புதன்கிழமை மித்ராவும் நானும் போனோம். ஷேர் ஆட்டோ அதே இடத்தில் புதைந்தது. இந்தத் தடவை இரண்டு கையாலும் தள்ளினேன், மித்ராவை டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு. பள்ளிக்கூட வாசலில் லூர்து அக்கா, "புரோட்டா மாவு எங்க?" என்று கேட்டு மித்ராவை வாங்கிக்கொண்டார்.

தலைமையாசிரியரை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். உள்ளூர்க்காரர், வயதில் பெரியவர், அதிகம் பேசாதவர். ஆணையை வாங்கி மூன்று பக்கத்தையும் வாசித்தார். பிறகு வருகைப் பதிவேட்டைத் திருப்பி என் பெயர் எழுதிய வரியைக் காட்டினார். விரலில் பிளாஸ்திரி சுற்றியிருந்ததால் பேனா சரியாகப் பிடிபடவில்லை. கையெழுத்து கோணலாகத்தான் விழுந்தது. சரியாக இல்லையே, மறுபடி போடலாமா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

"கையில என்னம்மா?" என்றார்.

"பாறை சார்" என்றேன்.

எங்கள் ஊரில் யாரிடம் சொன்னாலும், எங்கே வழுக்கி விழுந்தாய் என்றுதான் கேட்டிருப்பார்கள். அவர் பதிவேட்டை மூடிவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"எத்தனை கிலோ?" என்றார்.

"ஏழரை" என்றேன்.